ஆசானுக்கு ஆசான் யாரு?

உங்க வாட்ஸ்அப்புக்கும் அந்த போஸ்டர் வந்திருக்கும். மஞ்சள் பின்னணி, கையில் சுருள்வாளோடு ஒருவர். மேலே '5000 ஆண்டுப் பாரம்பரியம்', நடுவில் 'அகத்தியர் வழிவந்த குருபரம்பரை', மூலையில் பொடி எழுத்தில் 'சான்றிதழ் வழங்கப்படும்'. லீவு விட்டால் போதும், ராதாபுரம், வள்ளியூர், பணகுடி பக்கம் இந்த மாதிரி நாலஞ்சு சுற்ற ஆரம்பித்துவிடும். அதோடு கூடவே ஒரு கராத்தே போஸ்டர், 'ஒரே வருடத்தில் பிளாக் பெல்ட்' என்று. போன செமஸ்டர் லீவுக்கு முன்னாடி, ஹாஸ்டலில் ஜூனியர் பசங்க ரெண்டு பேர் போனை நீட்டி, "அண்ணே, இதுல எது ஒரிஜினல்? எதுல சேரலாம்?" என்று கேட்டார்கள். அங்கே ரெண்டு வரியில் சொல்ல முடியாததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

'எது ஒரிஜினல்' என்று கேட்கும்போது நாம் மூன்று கேள்வியை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். இந்தக் கலை எவ்வளவு பழசு? நாளைக்கு ஒருத்தன் கையை ஓங்கினால் இது உதவுமா? சொல்லிக்கொடுக்கிற இந்த ஆள் இதை முறையாகக் கற்றவர்தானா? போஸ்டர் போடுகிறவர் முதல் கேள்விக்கு மட்டும் பெரிய எழுத்தில் பதில் சொல்வார். படிக்கிற நாம் மற்ற ரெண்டுக்கும் சேர்த்தே பதில் கிடைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டு ஃபீஸ் கட்டிவிடுகிறோம். என்னைக் கேட்டால், சேருகிற நாளில் அந்த முதல் கேள்வியைத் தூக்கி ஓரமாக வையுங்கள். மூன்றாவது கேள்வியைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

பழமையை ஏன் ஓரமாக வைக்கச் சொல்கிறேன்? உலகம் பூராவும் மதிக்கிற சில கலைகள் நம்ம ஊர் சில பள்ளிக்கூடங்களைவிட இளையவை. ஜிகோரோ கானோ ஜூடோவைத் தொடங்கியது 1882இல். அவர் பழைய ஜுஜுட்சு பள்ளிகளில் படித்தவர், அங்கிருந்து எடுத்ததை மாற்றி அமைத்துப் புதிதாக ஒன்றைக் கட்டினார். அதை மறைக்கவும் இல்லை. 'டான்' என்கிற தர வரிசையைத் தற்காப்புக் கலைக்குள் கொண்டுவந்ததும் அவர்தான், 1883இல். கராத்தேயில் முதல் டான்களை ஃபுனகோஷி கொடுத்தது 1924இல். அந்த வெள்ளை உடுப்புகூட ஜூடோவிலிருந்து வாங்கியது. 'டேக்வாண்டோ' என்ற பெயர் வைத்ததே 1955இல்தான். இதனால் இவையெல்லாம் போலி ஆகிவிட்டதா? இல்லையே. யார், எப்போது, யாரிடமிருந்து எடுத்து இதைச் செய்தார்கள் என்று தேதியோடு சொல்ல முடிகிறது. என் கணக்கில் அதுதான் நேர்மையான பரம்பரை.

நம் பக்கம் வாருங்கள். தாமிரபரணி பொதிகையில் பிறக்கிறது, பொதிகையில் அகத்தியர் இருந்தார், அகத்தியர் வர்மம் சொல்லிக்கொடுத்தார், எனவே எங்கள் களரி அகத்தியர் பரம்பரை. இந்த ஊர்களில் வளர்ந்த யாருக்கும் இந்தச் சங்கிலி மனப்பாடம். மலையையும் ஆற்றையும் நானும் கும்பிடுகிறவன்தான். ஆனால் அகத்தியர் பெயரில் இருக்கிற வர்ம நூல் ஒன்றைக் கையில் எடுத்து வாசித்துப் பாருங்கள். பன்னிரண்டாம் வகுப்பில் புறநானூற்றுப் பாட்டு ஒன்றை உரை இல்லாமல் தாண்ட முடியாமல் திணறினோம்ல? இந்த நூலில் பாதி உங்களுக்கு நேராகவே புரியும். கலைச்சொற்கள்தான் தடுக்கும், மொழி தடுக்காது. சங்கத் தமிழுக்கு ரொம்பப் பிந்திய தமிழ் அது. வர்ம அறிவு பொய் என்று இதற்கு அர்த்தம் இல்லை. 12 படுவர்மம், 96 தொடுவர்மம், ஆக 108 என்று பிரித்து, ஒவ்வொன்றுக்கும் இடமும் அறிகுறியும் இளக்குமுறையும் எழுதிவைத்த ஆட்கள் உடம்பை உற்றுப் பார்த்தவர்கள்தான். சித்த மருத்துவப் படிப்பில் வர்மம் இன்றைக்கும் பாடமாக இருக்கிறது, பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரிக்குப் போனால் தெரியும். எழுதியவர்கள் தங்கள் பெயரைப் போடாமல் அகத்தியர் பெயரைப் போட்டார்கள். அது அந்தக் கால வழக்கம். அதை வைத்து இன்றைக்கு ஒருத்தர் ஃப்ளெக்ஸ் அடிப்பதுதான் பிரச்சினை.

இதே கதை சீனாவிலும் நடந்தது. காஞ்சிபுரத்துப் போதிதர்மர் போய் ஷாவோலினில் குங்ஃபூ கற்றுக்கொடுத்தார் என்று 2011 தீபாவளிக்கு 'ஏழாம் அறிவு' பார்த்துவிட்டு நாம் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டோம். அந்தக் கதைக்கு வேர், 17ஆம் நூற்றாண்டில் சீனாவில் எழுதப்பட்ட 'யிஜின் ஜிங்' என்கிற உடற்பயிற்சி நூல். ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய தேதி போட்ட ஒரு முன்னுரையை அதன் தலையில் ஒட்டி, போதிதர்மர் தந்தது என்று எழுதிவிட்டார்கள். அந்த முன்னுரை பொய் என்று சீன அறிஞர்களே சொல்லிவிட்டார்கள். டாங் ஹாவ் என்கிற வரலாற்றாசிரியர் 1930லேயே இந்தக் கதையை உடைத்து எழுதினார். பழைய முனிவர் பெயரை ஒட்டி நூலுக்கு மதிப்பு தேடுகிற பழக்கம் நமக்கு மட்டும் சொந்தமில்லை என்பதில் ஒரு சின்ன ஆறுதல்.

அதே படம்தான் 'நோக்கு வர்மம்' என்ற சொல்லையும் வீட்டுக்கு வீடு கொண்டுவந்தது. பார்வையாலேயே ஆளைச் சாய்ப்பது. இன்றைக்கும் 'கடைசி நிலையில் அதையும் சொல்லித்தருவோம்' என்று ரகசியக் குரலில் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். ஜப்பானில் யானகி ரியூகென் என்று ஒருவர். தொடாமலே கையை அசைப்பார், சீடர்கள் பத்துப் பேர் சுருண்டு விழுவார்கள். 2006இல் வெளியாள் ஒருவரோடு, கலப்புத் தற்காப்புக் கலை வீரர் அவர், மோதினார். வீடியோ இணையத்தில் இருக்கிறது, பாருங்கள், பாவமாக இருக்கும். வயதான மனுஷன் முகத்தில் ரத்தத்தோடு உட்கார்ந்திருப்பார். என்னை யோசிக்கவைத்தது அவர் சீடர்கள்தான். அவர்கள் நடித்தார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆசான் கையசைத்தால் விழ வேண்டும் என்று வருஷக்கணக்காக உடம்பைப் பழக்கியிருக்கிறார்கள். வெளியாள் யாரும் உள்ளே வராத களரியில் இது எந்தக் கலைக்கும் நடக்கலாம், சிலம்பத்துக்கும்தான்.

சரி, அப்போ பரம்பரைக்கு மதிப்பே இல்லையா? இருக்கிறது. மெக்கானிக்கல் பசங்களுக்கு இது சட்டென்று பிடிபடும். மெட்ராலஜி லேபில் மைக்ரோமீட்டரை எப்படி நம்புகிறோம்? அதை ஒரு ஸ்லிப் கேஜோடு ஒப்பிட்டார்கள், அந்த ஸ்லிப் கேஜை அங்கீகாரம் பெற்ற கேலிபரேஷன் லேபில் சரிபார்த்தார்கள், அந்த லேபின் அளவுகோல் டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகம் வரை போய் நிற்கும். நடுவில் ஒரு கண்ணி விட்டுப்போனாலும் ஆடிட்டர் ஏற்க மாட்டார். 'இந்த மைக்ரோமீட்டர் எங்க தாத்தா காலத்தது சார்' என்று சொல்லிப் பாருங்கள், சிரிப்பார். அதே நேரம் சங்கிலி முழுசாக இருந்தாலும், நேற்று யாராவது அதைக் கீழே போட்டிருந்தால்? அதனால்தான் அளக்கும் முன் ஜீரோ எரர் பார்க்கிறோம். ஆசானுக்கும் இந்த ரெண்டும் வேண்டும். யாரிடமிருந்து வந்தது என்கிற சங்கிலி, இன்றைக்கு வேலை செய்கிறதா என்கிற சோதனை.

சங்கிலியைப் பொறுத்தவரை என் அனுபவத்தில் ஒன்று சொல்வேன். நீளம் குறைவாக இருந்தால் நம்பிக்கை கூடுகிறது. எங்க ஊர்ப் பக்கத்தில் கம்பு சொல்லிக்கொடுக்கிற வாத்தியார் ஒருத்தரிடம் கேட்டேன். "எங்க வாத்தியார் பேரு தெரியும், ஊரு தெரியும். அவருக்குச் சொல்லிக்கொடுத்தவரு பனையேற வந்த ஆளுன்னு சொல்லுவாவ. அதுக்கு மேல எனக்குத் தெரியாது தம்பி" என்றார். ரெண்டே தலைமுறை. ஆனால் ரெண்டையும் நான் போய் விசாரிக்க முடியும். அந்த வாத்தியாரின் ஊரில் அவரோடு கம்பு படித்த கிழவர்கள் இன்னும் இருக்கிறார்கள், கோயில் கொடையில் அவர் ஆடியதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். போதிதர்மர் வரை போகிற சங்கிலியில் அப்படி யாரைப் போய்க் கேட்பது?

'கம்பெனிக்காரன் தடை பண்ணிட்டான், ஒளிஞ்சு ஒளிஞ்சு கத்துக்கொடுத்தாங்க, அதான் ஆதாரம் இல்ல' என்ற பதிலும் வரும். இதில் பாதி நியாயம். 1799 அக்டோபரில் கட்டபொம்மனைக் கயத்தாறில் தூக்கில் போட்டார்கள், 1801இல் பாஞ்சாலங்குறிச்சி விழுந்தபின் பாளையங்களின் கோட்டைகளை இடித்து ஆயுதங்களைப் பிடுங்கினார்கள். நம்ம சீமையில் ஆயுதப் பயிற்சி வெளிச்சத்தில் நடக்க முடியாத காலம் ஒன்று இருந்தது உண்மை. எழுத்தில் ஒன்றும் மிஞ்சாமல் போனதற்கு அது காரணமாகலாம். எழுத்தில் இல்லாத இடத்தில் தனக்குப் பிடித்த பெயரை எழுதிக்கொள்ள அது அனுமதிச்சீட்டு ஆகாது.

நம்ம தாலுகாவுக்குப் பக்கத்திலேயே நடந்த ஒரு கதையையும் இங்கே சொல்ல வேண்டும். பரம்பரை, பெயர், உரிமை எல்லாம் எப்படிக் கலங்கும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது. ராதாபுரத்திலிருந்து மேற்கே காவல்கிணறு தாண்டி ஆரல்வாய்மொழிக் கணவாயைக் கடந்தால் நாஞ்சில் நாடு. 1956 நவம்பர் 1 வரை அது திருவிதாங்கூரின் பக்கம் இருந்தது. அந்த மண்ணில் இருந்த கை கால் சண்டைக் கலைக்கு ஊர்க்காரர்கள் வைத்த பெயர் அடிமுறை, வர்ம அடி. சுவடு வைத்துப் பழகுவது, கம்பு, கடைசியில் வர்மம். எல்லை பிரிந்தபின் கன்னியாகுமரி மாவட்டம் இந்தப் பக்கமும், திருவனந்தபுரம் அந்தப் பக்கமும் போனது. 1958இல் கேரளக் களரிப்பயிற்றுச் சங்கம் அமைந்த பிறகு, கேரளத்துப் பக்கம் இருந்த அதே கலை 'தெக்கன் களரி' என்ற பெயரில் களரிப்பயிற்றின் ஒரு பிரிவாக அறியப்பட்டது. இந்தப் பக்கம் அடிமுறை என்றே நின்றது. 2020 பொங்கலுக்கு 'பட்டாஸ்' வந்தது, தனுஷ் அடிமுறை ஆடினார், மறுவாரமே ஊருக்கு ஊர் அடிமுறை போர்டு. பலகையில் பெயரை மாற்றுவதற்கு ஒரு பெயின்ட் டப்பா போதும்ல.

இப்போ சொல்லுங்க, தெக்கன் களரி என்று சொல்கிற ஆசான் பொய் சொல்கிறாரா, அடிமுறை என்று சொல்கிறவர் பொய் சொல்கிறாரா? ரெண்டு பேரும் இல்லை. அமெரிக்க ஆய்வாளர் பிலிப் சரில்லி, களரியில் வருஷக்கணக்காகப் பழகி 1998இல் ஒரு புத்தகமே எழுதியவர், வடக்கன் களரியும் தெற்கே உள்ள வர்ம அடியும் அமைப்பிலேயே வேறுபட்டவை என்று விளக்கியிருக்கிறார். ஒரு பெயருக்குள் ரெண்டு கலை, ஒரு கலைக்கு ரெண்டு பெயர். அதனால் போர்டைப் பார்த்து முடிவு பண்ணாதீர்கள். உள்ளே போய் முதல் ஆறு மாசம் என்ன சொல்லிக்கொடுக்கிறார் என்று பாருங்கள். அடிமுறை என்று போர்டு போட்டுவிட்டு ஒற்றைச்சுவடு பற்றிக் கேட்டால் முழிக்கிறார் என்றால், 'பட்டாஸ்' பார்த்துத் திறந்த கடை அது.

சோதனைக்கு வருவோம். சிலம்பத்தில் அலங்காரச் சுற்று வேறு, கம்புச் சண்டை வேறு. மேடையில் கண்ணைப் பறிப்பது முதலாவது. தீப்பந்தம், ரெண்டு கம்பு, ஆணிப்பலகை மேல் நின்று மணிக்கணக்காகச் சுற்றி 'உலக சாதனை' என்று ஒரு கோப்பை. சின்னப் பிள்ளைகளை வெயிலில் நிறுத்தி இதைச் செய்யும்போது எனக்குக் கோபம்தான் வரும். மூன்று மணி நேரம் சுற்றியதால் அந்தப் பிள்ளைக்குத் தோள்வலி கூடியிருக்கும், எதிரே வருகிற ஒரு அடியைத் தடுக்கத் தெரியுமா என்று யாரும் கேட்கவில்லை. அலங்காரம் வேண்டாம் என்று சொல்லவில்லை, அது அழகு, உடம்புக்கு நல்லது. ஆனால் களரிக்குப் போனால் ரெண்டு பேர் எதிரெதிரே நின்று, தலைக்கவசம் போட்டு, ஒருத்தர் இன்னொருவரைத் தொட முயல்கிற நேரம் அங்கே உண்டா என்று பாருங்கள். வாரம் ஒருநாளாவது இருக்க வேண்டும். ஆசானின் மூத்த மாணவர்கள் தோற்கிறார்களா என்றும் கவனியுங்கள். தோற்றால் நல்ல களரி. வெளியூர்ப் போட்டிக்குப் போய்த் தோற்றுவந்து, அடுத்த வாரம் அதைப் பற்றிச் சிரித்துப் பேசிக்கொண்டே திருத்திக்கொள்கிற இடம் கிடைத்தால் விடாதீர்கள்.

வர்ம ரகசியம் என்று ஆசையைக் காட்டி வருஷக்கணக்கில் இழுக்கிறவர்களிடம் கவனம். நல்ல ஆசான்களும் வர்மத்தை எல்லோருக்கும் சொல்வதில்லை என்பது உண்மைதான், பக்குவம் பார்த்துத்தான் சொல்வார்கள். ஆனால் அவர்கள் அதை விளம்பரம் செய்யவும் மாட்டார்கள். ஒரு எளிய கேள்வி போதும்: 'அண்ணாச்சி, அடி பட்டா என்ன செய்வீங்க?' தடவி, இளக்கி, எண்ணெய் போட்டு, எலும்பில் சந்தேகம் இருந்தால் எக்ஸ்ரே எடுக்க அனுப்புவேன் என்று சொல்கிறவரிடம் உங்கள் கை காலை நம்பிக் கொடுக்கலாம். தலையில் அடி வாங்கியவனை 'ஒண்ணுமில்ல, எந்திரி' என்கிறவரிடம் போகாதீர்கள், அவர் எந்த முனிவரின் வாரிசாக இருந்தாலும்.

இதுவரை சொன்னதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்று இருக்கிறது. நம் மாவட்டத்தில் இதைப் பேசாமல் களரியைப் பற்றிப் பேசுவது ஏமாற்று. 'பரம்பரை' என்ற சொல்லைச் சில இடங்களில் 'சாதி' என்று வாசிக்க வேண்டும். 'இது எங்க ஆட்களோட கலை' என்று ஆரம்பிப்பார்கள். கலர் கயிறு வரும், தலைவர் படம் போட்ட பனியன் வரும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பட்டியல் சாதி மாணவனையும் தடுக்கப்போன தங்கச்சியையும், கூடப் படித்த பசங்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். நம்ம ஊரிலிருந்து ரொம்பத் தூரமில்லை நாங்குநேரி. அதன்பிறகு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில், பள்ளிகளில் சாதி காட்டும் கயிறும் மோதிரமும் கூடாது என்று பரிந்துரைத்தது. பள்ளிக்கூடத்தில் கழற்றிய கயிற்றைச் சாயங்காலம் களரியில் கட்டிவிட்டால்? கையில் கம்பையும் கொடுத்துவிட்டால்?

அடிமுறையும் வர்மமும் எந்தக் காலத்திலும் ஒரே சாதியின் கையில் இருந்ததில்லை. தெற்கே பல சாதி ஆசான்களிடம் அது இருந்தது. ஆகவே நேராகக் கேளுங்கள், கேட்கக் கூச்சமாக இருந்தால் பாருங்கள்: உங்கள் ஊரின் எல்லாத் தெருப் பிள்ளைகளும் அங்கே வருகிறார்களா? ஒரே தரையில் நின்று, ஒரே கம்பைக் கைமாற்றிப் பிடிக்கிறார்களா? பெண் பிள்ளைகளுக்குக் கம்புச் சண்டை உண்டா, அலங்காரம் மட்டும்தானா? ஒரு தெருப் பிள்ளைகள் மட்டும் வருகிற களரியில் ஆசான் எவ்வளவு பெரிய வித்தைக்காரராக இருந்தாலும் நான் சேர மாட்டேன், உங்களையும் சேரச் சொல்ல மாட்டேன். அங்கே கம்பு யாருக்கு எதிராகப் பழகப்படுகிறது என்று எல்லோருக்கும் தெரியும்.

சான்றிதழ் பற்றிச் சுருக்கமாக. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டியில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. சந்தோஷம்தான், கூடவே சங்கங்களும் பெருகின. டிஎன்இஏ கலந்தாய்வில் விளையாட்டு ஒதுக்கீட்டுக்கு 500 இடம் இருப்பது உங்களுக்கே தெரியும். வீட்டில் பிளஸ் டூ படிக்கிற தம்பி தங்கச்சி இருந்தால், 'தேசிய அளவுச் சான்றிதழ்' என்று காசு கேட்கிறவர்களிடம் ஒரே ஒரு விஷயம் கேளுங்கள்: இந்தச் சங்கத்தின் சான்றை ஒதுக்கீட்டுக்கு ஏற்கிறார்களா, எந்தப் படிவத்தில்? மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் விசாரித்துவிட்டுப் பணம் கட்டுங்கள். அதற்கும் கலைக்கும் சம்பந்தம் இல்லை, இது வெறும் பேப்பர் வேலை.

அப்போ எதுல சேரலாம்? நடந்தோ டவுன் பஸ்ஸிலோ வாரம் மூணு நாள் போய்வர முடிகிற இடத்தில். வள்ளியூரில் நல்ல ஜூடோ வாத்தியார் இருந்தால், மூணு பஸ் மாறிப் போகிற அடிமுறையைவிட அதுவே உங்களுக்கு நல்லது. உடம்போடு உடம்பு முட்டிப் பழகுவது பயத்தைக் குறைக்கும், அதனால் ஜூடோவோ குத்துச்சண்டையோ கபடியோகூட, ஆமாம் கபடிதான், வீட்டில் தனியாகக் கம்பு சுற்றுவதைவிடத் தற்காப்புக்கு உதவும். நம்ம மண்ணின் கலை என்ற பாசத்தால் சிலம்பத்துக்குப் போனால் அதுவும் நல்ல காரணம். பாசத்துக்குப் பாசம் போதும், 5000 வருஷம் தேவையில்லை. சிலப்பதிகாரத்திலேயே சிலம்பம் இருக்கு என்று யாராவது சொன்னால் எந்தக் காதை என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். நூலின் பெயரில் இருக்கிற சிலம்பு கண்ணகி காலில் போட்டது மக்கா.

முதல் நாள் சும்மா போங்கள், ஓரமாக நின்று பார்க்க அனுமதி கேளுங்கள். பார்க்கவே விடாத இடத்திலிருந்து அப்படியே திரும்பி வந்துவிடலாம். ஆனி ஆடியில் போவதாக இருந்தால் கண்ணுக்கு மண் தெறிக்கும், நம்ம ஊர்க் காத்து தெரியும்ல, காற்றாலைக்குத்தான் அது கொண்டாட்டம். ஆன்லைனில் கம்பு ஆர்டர் பண்ணிவிடாதீர்கள். உங்கள் நெற்றி உயரத்துக்கு மூங்கிலைப் பார்த்து வெட்டி, கணு சீவி, தண்ணீரில் ஊறப்போட்டு எடுத்துத் தருவது வாத்தியாரின் வேலை. என் கம்பை எங்க வாத்தியார் ரெண்டு வாரம் கிணற்றில் போட்டுவைத்திருந்தார்.